மொட்டை மாடியில் வானாய்வுக் கூடமா? முதலில் மாடி யாருடையது என்று கேளுங்கள்

1786-இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தன் வீட்டில் அமைத்த வானாய்வுக் கூடம்தான் பின்னாளில் சென்னை வானாய்வகமாக வளர்ந்தது. இன்று பெங்களூர் கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அதன் வாரிசு. வீட்டு வானியலின் பெருமை அத்தகையது. ஆனால் பழைய பங்களாக்கள் அடுக்குமாடிகளாகிவிட்ட அதே ஊரின் காக்ஸ் டவுனில், தொலைநோக்கியின் விலையை விசாரிக்கும் முன் மாடியின் உரிமையை விசாரிக்க வேண்டும்.

மேல்தளத்து வீட்டை வாங்கிவிட்டதால் மட்டும் மொட்டை மாடி உங்களுடையது ஆகிவிடாது. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் மாடியைப் பொதுப் பகுதியாகவே வரையறுக்கிறது. பில்டர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிக் கான்கிரீட் தூண் எழுப்பினால், அசோசியேஷன் இடிக்கச் சொல்லும் நாளில் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. அசோசியேஷன் தீர்மானத்தை எழுத்தில் வாங்குங்கள். தளத்தைத் துளைத்ததால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகினால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். பாரத்தைத் தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். வாடகைக்கும் லீஸுக்கும் இருப்பவர்களுக்குக் கழற்றி எடுக்கக்கூடிய முக்காலியே நல்லது. தனி வீடானாலும் குவிமாடத்துக்கு அனுமதி வேண்டுமா என்று மாநகராட்சியில் கேட்க வேண்டும். 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் வார்டு எதில் சேர்ந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு கட்டடம் எழும்பினால் அது மறைந்துவிடும். வானக் காட்சிக்கென்று சட்டம் உரிமை தருவதில்லை. பக்கத்துக் கட்டடம் விதிமீறியிருந்தால் மட்டுமே புகார் நிற்கும். கண்ணைக் கூசவைக்கும் தெருவிளக்குக்கு மறைப்புத் தகடு போடச் சொல்லி மாநகராட்சிக்கு மனுக் கொடுக்கலாம். அண்டை வீட்டு விளக்கென்றால் முதலில் நேரில் பேசுங்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒருமுறை சனியின் வளையத்தைக் காட்டுவது வக்கீல் நோட்டீஸைவிடப் பலன் தரும். அவர்களுக்கும் ஓர் அச்சம் இருக்கும் அல்லவா? தனிமையில் இருக்கும் பெண்ணைத் தொலைநோக்கியால் ஒளிந்து பார்ப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். குழாயை ஒருபோதும் ஜன்னல்கள் பக்கம் திருப்பாதீர்கள்.

எல்லாவற்றிலும் கொடிய ஆபத்து சூரியன். நொடிப்பொழுதில் விழித்திரை கருகிவிடும், வலிகூடத் தெரியாது. கண் வைக்கும் பக்கம் திருகும் சிறு சூரிய வடிகட்டி சூட்டில் வெடிக்கக்கூடியது. பெட்டியோடு வந்தால் உடைத்து எறியுங்கள். தரமான வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதாக மூட வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பகலில் கூடம் பூட்டியே இருக்கட்டும்.

70 மி.மீ. வில்லையில் ஏறத்தாழ 140 மடங்குக்கு மேல் பெருக்கிப் பயனில்லை. 500 மடங்கு என்று சொல்லி உங்களிடம் விற்றிருந்தால் பில்லையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வழக்கை நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.