கம்பியில்லா விசைப்பலகையும் நகமளவு ரிசீவரும்

கட்டுகஸ்தோட்டைக்குச் சமீபத்தில், மலைச்சரிவில் இருக்கும் எங்கள் வீட்டுக் கணினிக்குக் கம்பியில்லா விசைப்பலகையும் சுட்டியும் வந்து சேர்ந்த முதல் வாரத்தில், ‘கண்டி’ என்று தட்டினால் புள்ளி விழாமல் ‘கணடி’ என்று திரையில் தோன்றுவதையும், சுட்டியின் அம்பு நடுவழியில் அசைவற்று நின்றுவிடுவதையும் கண்டு, பழுதான சாதனத்தையே வாங்கிவிட்டோம் என்று நிச்சயித்தேன். மின்கலங்களை இருமுறை மாற்றியும் குணமில்லை. கடைசியில், பெட்டியின் பின்புறத்தில் சொருகியிருந்த நகமளவு ரிசீவரைக் கழற்றி முன்புறத் துளையில் மாட்டினேன். அன்று முதல் ஓர் எழுத்தும் தப்பவில்லை.

காரணம் பிற்பாடுதான் விளங்கிற்று. பின்புறத்தில் ரிசீவருக்கு அடுத்த துளையில் யூஎஸ்பி 3.0 வகை வன்தட்டு ஒன்று இணைந்திருந்தது. அவ்வகை இணைப்பு இயங்கும்போது 2.4 முதல் 2.5 கிகாஹேட்ஸ் வரையிலான அலைவெளியில் இரைச்சலைப் பரப்புகிறது என்று இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. விசைப்பலகையும் சுட்டியும் ரிசீவரோடு பேசுவதோ அதே அலைவெளியில்தான். வைஃபையும் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே குடியிருக்கின்றன. போதாக்குறைக்குக் கணினியின் இரும்புப் பெட்டியே அலையை மறைக்கிறது. பெட்டியின் முன்புறத்தில் துளை இல்லாதவர்கள் ஒரு நீட்டிப்புக் கம்பியைக் கொண்டு ரிசீவரை மேசைமேல் கொண்டுவந்து வைப்பது உத்தமம்.

கம்பியில்லாத் தொடர்பு கண்டிக்குப் புதிதன்று. 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, இம்மலைகளைத் தாண்டி வெகுதூரம் செல்வதே வானொலி அலையின் மகிமையாகக் கருதப்பட்டது. நம் மேசைமேல் இருக்கும் சாதனத்துக்கோ சுமார் பத்து மீற்றருக்கு அப்பால் போகாதிருப்பதே விசேஷம். அலை மெலிந்திருப்பதனாலேயே சிறு மின்கலம் மாதக்கணக்கில் உழைக்கிறது. அயல் வீட்டாரின் சாதனங்களுக்கும் இடைஞ்சல் நேர்வதில்லை.

புளூடூத் வகைக்குத் தனி ரிசீவர் வேண்டுவதில்லை. அதன் மூல முறை, 79 அலைவரிசைகளுக்கிடையே வினாடிக்கு 1,600 தடவை தாவித் தாவி இரைச்சலுக்குத் தப்பிக்கொள்கிறது. ஆயினும் கணினி விழித்தெழுமுன் அதன் அமைப்புத் திரையில் அவ்வகை விசைப்பலகை பெரும்பாலும் பேசாது. ஆதலால் வீட்டு மேசைக் கணினிக்கு ரிசீவர் வகையே என் தெரிவு.

தமிழ் எழுத்து அச்சிடப்படாத விசைப்பலகையை வாங்கினால் தமிழ் தட்ட இயலாதோ என்று இங்கே பலர் தயங்குகிறார்கள். அந்தச் சந்தேகம் அநாவசியம். விசைப்பலகை அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்னும் குறிப்பை மாத்திரமே. அதை எழுத்தாக்குவது கணினி. பழைய தட்டச்சுக்காரர்களின் கைக்குப் பழகிய ரெங்கநாதன் முறையைத் தழுவிய இலங்கைத் தரம், எஸ்.எல்.எஸ். 1326, கணினியில் அமைந்துவிட்டால், எந்த ஆங்கில விசைப்பலகையிலும் தமிழ் தட்டலாம். விசைகளின்மேல் ஒட்டும் எழுத்துத் தாள்கள் ஆரம்ப நாட்களுக்குப் போதும்.

ஒரே வேண்டுகோள். ரிசீவர் தொலைந்தால், அதனோடு இணைத்துத் தரப்பட்ட விசைப்பலகை பெரும்பாலும் பிரயோசனமற்றுப் போகும். ஆகவே கணினியை இடம் மாற்றும்போதெல்லாம் அதனைக் கழற்றி, சுட்டியின் அடியில் மின்கலத்துக்கருகே அதற்கென்று குழி இருந்தால், அதிலேயே வைத்து மூடுங்கள்.