ஃபைலை மூடின பிறகு படிக்கப் போனால்?

போன எபிசோடில் ஹாஸ்கெலின் லேசி இவால்யுவேஷன் பத்திப் பேசினோம். ஃபைல் படிக்கிற விஷயத்துக்கு நேரம் பத்தலை. அதை இங்கே பார்த்துடலாம்.

லேசின்னா, ஒரு மதிப்பு தேவைப்படுற வரைக்கும் அதைக் கணக்கிடாமல் வைப்பது. ஆர்டர் வந்தால்தான் தோசை ஊத்துற மாதிரி. வெறும் கணக்குக்கு இதில் ஆபத்து இல்லை. இப்போ கூட்டினாலும் அப்புறம் கூட்டினாலும் விடை ஒண்ணுதான். அதனால்தான் கம்பைலர் துணிஞ்சு கோடை மாத்தி அமைக்க முடியுது. இங்கே கார்ல்ஸ்ரூஹே கேஐடியில் 2016-இல் யோஆகிம் பிரைட்னர் தந்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். ஜிஹெச்சி கம்பைலருக்கு அவர் எழுதிய ‘கால் அரிட்டி’ என்ற மாற்றம் மெமரி ஒதுக்கீட்டைக் கூட்டாது என்று இசபெல் மென்பொருளை வைத்து நிரூபித்தார்.

ஃபைல் அப்படி இல்லை. திறக்கணும், படிக்கணும், மூடணும், வரிசை முக்கியம். 1996-இல் ஹாஸ்கெல் 1.3 மோனட் மூலம் இந்த வரிசையைக் கட்டிப்போட்டது. ஆனாலும் ‘ரீட்ஃபைல்’, ‘ஹெச்கெட்கன்டென்ட்ஸ்’ இரண்டும் லேசியாகவே இருக்கு. டெக்ஸ்ட் கைக்கு வந்த மாதிரி தெரியும். நீங்க தொடும்போதுதான் டிஸ்கிலிருந்து படிக்கும். பெரிய லாக் ஃபைலில் முதல் பத்து வரி மட்டும் வேணும்னா இது ரொம்ப வசதி.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும்.

ஒண்ணு, ‘வித்ஃபைல்’ உள்ளே ‘ஹெச்கெட்கன்டென்ட்ஸ்’ போட்டு, டெக்ஸ்டை வெளியே எடுத்துப் பயன்படுத்துறது. அதுக்குள்ள ஃபைல் மூடியிருக்கும். இப்போ எரர் வரும். பழைய ஜிஹெச்சியில் சத்தமே இல்லாமல் காலி ஸ்ட்ரிங் வரும்.

இரண்டாவது, ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஒரே லூப்பில் ‘ரீட்ஃபைல்’ பண்றது. எல்லாம் திறக்கும், எதுவும் படிச்சு முடியாது, அதனால் எதுவும் மூடாது. பல லினக்ஸ் சிஸ்டங்களில் ஒரு ப்ராசஸுக்கு 1024 என்பதுதான் வழக்கமான வரம்பு. அங்கே ப்ரோக்ராம் விழுந்துடும்.

ஹாஸ்கெல் எழுதாதவங்களுக்கும் இது பொருந்தும். பைத்தானில் ‘வித்’ ப்ளாக்குக்குள்ள ஒரு ஜெனரேட்டர் எக்ஸ்ப்ரெஷன் எழுதி வெளியே ரிட்டர்ன் பண்ணிப் பாருங்க, இதே கதைதான்.

என்ன செய்யலாம்? சின்ன ஃபைல்னா முழுசா ஒரே மூச்சில் படிச்சு மூடிடுங்க. ஜிஹெச்சி 9.0-லிருந்து அதுக்கு ‘ரீட்ஃபைல் ப்ரைம்’ இருக்கு. பெரிய ஃபைல்னா ‘கான்ட்யூட்’, ‘பைப்ஸ்’ மாதிரி ஸ்ட்ரீமிங் லைப்ரரி எடுங்க. துண்டு துண்டா படிக்கும், எப்போ மூடணும்னும் அதுவே பார்த்துக்கும். இந்த வாரம் உங்க கோடில் ‘ரீட்ஃபைல்’ எங்கெல்லாம் இருக்குன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க.