பழி பேட்டரிக்கு, பிழை யாரிடம்?



லால்பேட்டையில் உறவினர் வீட்டுத் திருமணம். விருந்தை முடித்துக்கொண்டு, இஷாவுக்குப் பின் ஸ்ரீமுஷ்ணம் வழியாக விருத்தாசலத்துக்குக் காரில் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். பின்னிருக்கையில் வயது முதிர்ந்த தாயாரும் உறங்கும் குழந்தைகளும். திடீரென்று முகப்பு விளக்கின் ஒளி மங்குகிறது, ஹாரன் கம்முகிறது, சிறிது தூரத்தில் வண்டியே நின்றுவிடுகிறது. "சென்ற மாதந்தானே புதிய பேட்டரி வாங்கிப் போட்டோம்!" என்று நீங்கள் திகைக்கிறீர்கள்.

பேட்டரி புதியதுதான். அதற்கு மின்சாரம் ஊட்ட வேண்டிய ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்யவில்லை. சோதித்துப் பாராமல் பேட்டரியை மாற்றியதால் பணமும் போயிற்று, பழுதும் நீங்கவில்லை.

சேமிப்பும் வருமானமும்

பேட்டரி, குடும்பத்தின் சேமிப்புப் பணத்தைப் போன்றது. ஆல்டர்னேட்டரே அன்றாட வருமானம். எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் பேட்டரி மின்சாரம் தருகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், பெல்ட்டினால் சுழலும் ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை உற்பத்தி செய்து, செலவழிந்ததைப் பேட்டரிக்குத் திருப்பித் தருவதோடு, விளக்கு, விசிறி முதலியவற்றின் தேவையையும் நிறைவேற்றுகிறது. வருமானம் நின்றால் சேமிப்பு எத்தனை நாள் தாங்கும்? சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவினது எனில், இரண்டு முகப்பு விளக்குகள் மட்டுமே சுமார் 10 ஆம்பியர் இழுத்துவிடும். மற்றவற்றையும் சேர்த்தால் ஒரு பயணத்துக்குக் கூட அது போதாது.

அளந்து பாருங்கள்

நம் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பொம்மைகளும் மின்காப்புப் பொருட்களும் சூளையில் வேகும்போது, வெப்பத்தைக் கண்மதிப்பாக மட்டும் விட்டுவிடாமல் கருவி கொண்டு அளப்பதன் அருமை இவ்வூராருக்குப் புதிதன்று. காருக்கும் அதே முறைதான். மின்பொருள் கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும்.

மீட்டரை நேர்மின்னோட்டம் 20 வோல்ட் என்ற நிலையில் வையுங்கள். சிவப்புக் கம்பி வோல்ட் அளக்கும் துளையில் இருக்கட்டும். ஆம்பியர் துளையில் செருகிப் பேட்டரியைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். பின்னர் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பு முனையை நெகட்டிவிலும் வைத்து மூன்று முறை அளந்து பாருங்கள்.

முதலாவது, இரவு முழுதும் நின்ற வண்டியில், எஞ்சினைக் கிளப்பும் முன். 12.6 வோல்ட் அளவில் காட்டினால் பேட்டரி நிறைந்துள்ளது, 12.2 எனில் பாதி. 12-க்கும் கீழே எனில் ஏறத்தாழக் காலி. காலியான பேட்டரியைத் தனியே சார்ஜ் செய்த பிறகே அடுத்த சோதனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, எஞ்சின் ஓடும்போது. பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். முன்பு பார்த்த அளவிலிருந்து ஏறவே இல்லையெனில் சார்ஜ் ஆகவில்லை என்பது உறுதி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது; பேட்டரி சூடேறி, அதன் நீர் வற்றி, விரைவில் வீணாகும்.

மூன்றாவது, முகப்பு விளக்கையும் விசிறியையும் வைப்பரையும் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்திய நிலையில். அப்போதும் 13-க்கு மேல் நின்றால் கவலையில்லை. அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், சுமையைத் தாங்கும் ஆற்றல் ஆல்டர்னேட்டருக்கு இல்லை என்று பொருள்.

புதிய கார்கள் சிலவற்றில் கணினியே வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும். அவற்றுக்கு வண்டியின் கையேடு சொல்லும் அளவே அளவு.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் கம்பியைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, ஆகவே ஆல்டர்னேட்டர் நன்றாக உள்ளது" என்று கூறுவோர் உண்டு. பழைய அம்பாசடர் கார்களில் இருந்த டைனமோ காலத்துப் பழக்கம் இது. 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. பின்னர் உலகெங்கும் அதுவே வழக்கமாயிற்று. ஆல்டர்னேட்டரினுள் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகள் உள்ளன. ஓட்டத்தின் நடுவே பேட்டரியைப் பிரித்தால் மின்னழுத்தம் திடீரென்று எகிறி, அந்த டயோடுகளையும் வண்டியின் மின்னணுக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். நன்றாக இருந்ததைச் சோதனையே கெடுத்துவிடும்!

பழுது எனில்...

உடனே புதிய ஆல்டர்னேட்டர் வாங்க ஓடாதீர்கள். பெல்ட் தளர்ந்தோ வெடித்தோ உள்ளதா? பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்துள்ளதா? எஞ்சினை நிறுத்திவிட்டு இவற்றைப் பாருங்கள். உப்பைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, முனைகளை இறுக்கி, வாசலின் தடவலாம். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிப்படும். ஆதலால் அருகே பீடியோ தீக்குச்சியோ கூடாது. குழந்தைகளையும் அண்டவிடாதீர்கள். இவை சரியாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லையெனில் மின்பணியாளரிடம் செல்லுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்ததுதான் காரணம் என்றால், பல வண்டிகளில் அதை மட்டும் மாற்றிச் சிறு செலவில் முடித்துவிடலாம்.

சாவியைத் திருப்பியதும் ஒளிர்ந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டிய பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கையும் கவனியுங்கள். பயணத்தின் நடுவே அது எரிந்தால் ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் வண்டியை ஒதுக்குங்கள். எஞ்சின் சூடும் ஏறினால், பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது. ஆகவே உடனே நிறுத்திவிடுங்கள்.

வீட்டாரை ஏற்றிக்கொண்டு இரவில் நெடுந்தூரம் புறப்படும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதை அளந்து பாருங்கள். தாயாரையும் குழந்தைகளையும் இருட்டில் சாலையோரம் நிறுத்தி வைக்கும் துன்பத்தை விட அந்த ஐந்து நிமிடம் பெரிதன்று.