ஆணையில் உங்கள் பெயர் இருக்கிறதா?

அமெரிக்கப் படையில் வேலை பார்ப்பவருக்கு ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ மாற்றல் வந்தால், ஆணை அவர் பெயருக்குத்தான் வரும். வீட்டைக் காலி செய்வதும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் வாங்குவதும், மருந்துச் சீட்டுகளைத் திரட்டுவதும் பெரும்பாலும் சீருடை போடாத துணையின் தலையில் விழும். இந்தக் கட்டுரை அவருக்காகவே. தமிழ் வீடுகளுக்கு இது எட்டாத சங்கதி என்று நினைக்க வேண்டாம். குடியுரிமை இல்லாதவர்களை மொழித்திறனுக்காகவும் படையில் சேர்த்த ‘மாவ்னி’ திட்டம் 2009-இல் தொடங்கியபோது, அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் அந்தச் சேர்க்கை நின்றுவிட்டது.

மாற்றல் ஆணை கைக்கு வந்ததும் எல்லோரும் தேதியைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குடும்பமும் உடன் போகலாம் என்று படை தரும் ஒப்புதலுக்கு ‘கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்’ என்று பெயர். அது இல்லாமல் போனால் குடும்பத்தின் பயணச் செலவு உங்கள் தலையில்தான். ‘டிரைகேர் பிரைம்’ மருத்துவத் திட்டத்தில் வெளிநாட்டில் சேர முடியாது. படைத்துறைப் பள்ளியில் இடம் மிச்சமிருந்தால்தான் பிள்ளைக்குச் சீட்டு.

இந்த ஒப்புதலுக்கு முன் குடும்பத்தில் எல்லோருக்கும் உடல், பல், கல்வித் தேவை குறித்த பரிசோதனை நடக்கும். பிள்ளைக்கு ஆஸ்துமா, பேச்சுப் பயிற்சி நடக்கிறது என்று சொன்னால் பயணம் தடைபடுமோ என்று பயந்து சிலர் மறைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தச் சிகிச்சைக்கு மருத்துவரே இல்லையென்றால் வதைபடுவது குழந்தைதான். தெரிந்தே மறைத்தது வெளிப்பட்டால் படையிலிருப்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம். ஒப்புதல் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறு ஆய்வு கோர வழி உண்டு.

அடுத்தது பாஸ்போர்ட். அரசுப் பயணத்துக்கெனக் கட்டணமில்லாமல் தரும் பாஸ்போர்ட் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் வைத்திருப்பவர் தம் பாஸ்போர்ட்டிலேயே, போகும் நாட்டின் விசா விதிப்படி போக வேண்டும். ஆகவே காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டு பறிபோகும் என்ற பயம் இவர்களை வாட்டும். அயல்நாட்டுப் பணியிலிருக்கும் படைவீரரோடு வசித்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விதியில் தனிச் சலுகை இருக்கிறது: பணி முடிந்து அவர் திரும்பும்போது, அவருக்கு முன்னாலோ, கூடவோ, 4 மாதத்துக்குள் பின்னாலோ வந்தால் அந்த அட்டையைக் காட்டியே நுழையலாம், அது காலாவதியாகியிருந்தாலும். அதற்குச் சான்று மாற்றல் ஆணைதான்; அதன் நகல் உங்கள் கையில் தனியாக இருக்கட்டும்.

கணவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் குடியுரிமைக்கும் குறுக்கு வழி இல்லாத நேர்வழி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பணியில் அமர்த்தப்பட்ட குடிமக்களின் துணைவர், வழக்கமான 3 ஆண்டுக் காத்திருப்பு இல்லாமலே விண்ணப்பிக்கலாம். படைவீரர்களின் துணைவருக்கு 2008-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி போகிறது: ஆணைப்படி உடன் வாழ்ந்த வெளிநாட்டுக் காலத்தை அமெரிக்காவில் வசித்த காலமாகவே கணக்கிடும், நேர்காணலையும் உறுதிமொழியையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைப் படைத்தளத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் கேளுங்கள், கட்டணம் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நாளோடு இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

வீட்டு உரிமையாளர் விஷயத்தில்தான் நிறையப் பேர் காசை இழக்கிறார்கள். ஒப்பந்தம் முடிய 8 மாதம் இருக்கிறது, முழு வாடகையையும் கட்டிவிட்டுப் போ என்பார். கட்ட வேண்டியதில்லை. 1940-இல் பிறந்து 2003-இல் புதுப்பிக்கப்பட்ட படையினர் நிவாரணச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. எழுத்தில் ஒரு அறிவிப்பும் ஆணையின் நகலும் கொடுத்தால் போதும்; அதற்கடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடிந்துவிடும். வாடகை மாதம் 1-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 10-இல் அறிவிப்பு கொடுத்தால் ஜூலை 31-உடன் கடமை தீர்ந்தது. ஒப்பந்தத்தில் கூடவே கையெழுத்துப் போட்ட மனைவிக்கும் இதே விடுதலைதான். முன்கூட்டிப் போவதற்கென அபராதம் கேட்க வீட்டு உரிமையாளருக்கு உரிமையில்லை. சட்டவிரோதம் என்று தெரிந்தே முன்பணத்தைப் பிடித்துவைப்பது குற்றம், ஓராண்டு வரை சிறைகூட உண்டு. ஒன்றில் மட்டும் உஷார்: இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தனித் தாளில் எழுதி நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வாடகைக் கட்டில் எடுத்த காரையும், அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வெளியே மாற்றல் என்றால், அறிவிப்பு கொடுத்து 15 நாளில் திருப்பி ஒப்படைக்கலாம்.

ஜப்பானுக்குப் போகிறவர்கள் மருந்துப் பெட்டியைக் கொட்டிப் பார்க்க வேண்டும். கவனக்குறைவுக் கோளாறுக்கு அமெரிக்காவில் சர்வசாதாரணமாக எழுதித்தரும் ‘அட்டரால்’ அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். மருத்துவர் சீட்டு இருந்தாலும் கொண்டுபோகக் கூடாது, தபாலில் வரவழைத்தாலும் கைதாக நேரும். சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளும் அப்படியே. பிள்ளைக்கு மாற்று மருந்தைப் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிப் பார்த்துவிட மருத்துவரிடம் பேசுங்கள். நாய், பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி இரண்டு, பிறகு ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. அதற்குள் போய் இறங்கினால் மீதி நாளை அது தனிமைக் கூண்டில் கழிக்கும். 2024 முதல் வெளிநாட்டு மாற்றலில் செல்லப்பிராணிச் செலவுக்கு 2,000 டாலர் வரை திரும்பக் கிடைக்கிறது, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மூட்டை கட்டும் முன் விலையுள்ள பொருள்களைப் படமெடுத்துவிடுங்கள். சேதத்தை, சாமான் வந்த 180 நாளுக்குள் தெரிவித்து, 9 மாதத்துக்குள் முழு மாற்று விலை கோரலாம்.

கடைசியாகச் சொல்ல வேண்டியதைப் பலர் வாய்விட்டுப் பேசுவதில்லை. கணவர் முன்னே போக, பின்னே நீங்கள் புறப்படும் நிலையில் பவர் பத்திரம் தேவைப்படும். ‘எல்லாவற்றுக்கும்’ என்று பொதுப் பவர் எழுதாமல், காரை ஒப்படைக்க, சாமானைப் பெற என்று குறித்து, முடியும் தேதியும் போடுங்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு அமெரிக்காவிலேயே இருக்கட்டும். அந்நிய மண்ணில் மனைவியின் இருப்பு கணவரின் பணியில் தொங்குவதால், அடி வாங்கியும் வாய் திறக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு. படைத்தளத்தில் குடும்பப் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்தோ குழந்தைக்குத் தீங்கோ இல்லாதவரை, கணவரின் மேலதிகாரிக்குத் தெரியாமலே அங்கே உதவி பெறலாம். அதற்கு ‘கட்டுப்படுத்தப்பட்ட புகார்’ என்று பெயர். பணிக்காலம் முடியும் முன்பே பிள்ளைகளோடும் சாமானோடும் அரசுச் செலவில் ஊர் திரும்பும்படி, வன்முறைக்கு ஆளானவர் தாமே கேட்கலாம்.