வீட்டு வரைபடத்தின் அளவுகள்

கார் நிக்கோபாரின் மரபு வீடு, கால்களின்மீது நிற்கும் வட்டக் குடில். விட்டம் ஒன்றை அறிந்தால் அதன் தரைப்பரப்பு விளங்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அங்கு எழுந்த நாற்கோண வீடுகளுக்கோ நீளம், அகலம் என இரண்டும் வேண்டும். எவ்வூரில் வீடு வாங்கும் அன்பரும் இவ்வளவுகளைப் படிக்கத் தெரிந்திருத்தல் நலம்.

நம் நாட்டு வரைபடத்தில் அலகின்றி 3000 என்றிருந்தால், அது பெரும்பாலும் மில்லிமீட்டரே. அதாவது 3 மீட்டர். ஓர் அடி 304.8 மில்லிமீட்டராதலின், இது 10 அடிக்குச் சற்றே குறைவு.

அடுத்து, அளவுக்கோட்டின் முனைகள் எங்கே முடிகின்றன என்று நோக்குக. சுவர்களின் உட்புறத்தில் முடிந்தால், அது நாம் புழங்கும் இடம். வெளிப்புறத்தில் முடிந்தால், சுவர்ப் பருமனும் அதில் அடங்கும். சுவர் 230 மில்லிமீட்டராயின் இருபுறமும் சேர்ந்து 460. ஏறக்குறைய ஒன்றரை அடி! அறையில் அடங்கும் என்று கருதிய கட்டில் அடங்காமற் போவது இதனாலேயே.

1:100 என்னும் விகிதம் குறித்திருப்பினும், படத்தின்மீது அளவுகோலை வைத்து முடிவு செய்தல் ஆகாது. நகலெடுக்கையில் படம் சுருங்கக்கூடும். எழுதிய எண் சுருங்காது. அவ்வெண்ணையே நம்புக, ஐயமெழுந்தால், பணம் கொடுக்குமுன் பொறியாளரை வினவுக.