அடைக்கு உட்கார்ந்ததா, சீக்கு விழுந்ததா?

தொப்பூர் கணவாயை ஒட்டிய ஊர்களில் கோழி என்பது பெரும்பாலும் பெண்களின் கைக்காசு. ஆட்டை விற்பதென்றால் வீட்டில் கலந்து பேசுவார்கள். கோழியை விற்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் திடீரென்று வரும் பஸ் செலவும் முட்டைக் காசில் தீரும். அப்படிப்பட்ட பெட்டைக்கோழி ஒருநாள் காலையில் தீனிக்கு வராமல் மூலையில் முடங்கிக் கிடந்தால், பார்த்தவர்களில் பாதிப்பேர் "அவயத்துக்கு உட்கார்ந்திருக்கு" (அடைகாக்க உட்கார்ந்திருக்கிறது) என்பார்கள், மீதிப்பேர் "சீக்கு விழுந்திருச்சு" என்பார்கள்.

குழப்பம் நியாயமானதுதான். அடைக்கோழியும் நோய்க்கோழியும் எட்ட நின்று பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் முட்டையை நிறுத்தும், தீனி குறைக்கும், இறகை உப்பிக்கொண்டு உட்காரும், எடை இழக்கும். கொண்டைகூட இரண்டுக்கும் வெளிறிச் சுருங்கும். அடைக்காலத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடி முட்டையிடும் உறுப்புகள் ஓய்வுக்குப் போவதால் அடைக்கோழியின் கொண்டை அப்படி ஆகிறது. அதனால் கொண்டையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் அந்தத் தவறு நடந்தது. மூலையில் உட்கார்ந்த கோழியை அடைக்கோழி என்று நம்பி, கூடையில் மணல் பரப்பி, பதினோரு முட்டை வைத்து, இடிக்குக் காவலாகக் கரித்துண்டும் இரும்புத்துண்டும் போட்டு உட்கார வைத்தோம். மூன்றாம் நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. கழுத்து திருகிக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் எங்கள் கோழிக் கொடாப்பும் காலி, பக்கத்து மூன்று வீட்டுக் கொடாப்புகளும் காலி. இதற்கு நேர்மாறான தவறையும் பார்த்திருக்கிறேன். நல்ல அடைக்கோழியை நோய்க்கோழி என்று பயந்து வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். இருபத்தொரு நாளில் பத்துக் குஞ்சோடு இறங்கியிருக்க வேண்டிய கோழி அது.

அரைமணி நேரம் ஒதுக்கினால் பெரும்பாலும் வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

முதலில் கோழி உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அடைக்கோழி முட்டையிட்ட இடத்தையே பிடித்துக்கொள்ளும். முட்டையை எடுத்துவிட்டாலும் வெறுங்கூடையில் போய் உட்காரும். நோய்க்கோழிக்கு இடம் பொருட்டில்லை. சுவரோரம், விறகுக்கட்டை மறைவு, தொட்டியடி என்று கிடைத்த இடத்தில் ஒதுங்கும். அடுத்தது நினைவுக் கணக்கு. நாட்டுக்கோழி பொதுவாகப் பத்துப் பதினைந்து முட்டை இட்டு முடித்த பிறகே அடைக்கு வரும். அதற்கு முன் இரண்டு மூன்று இரவு பரணுக்கு ஏறாமல் கூடையிலேயே தங்கிப் பார்க்கும். நேற்றுவரை ஓடித் திரிந்த கோழி, முட்டைக்கணக்கு எதுவுமில்லாமல் இன்று திடீரென்று முடங்கினால் சந்தேகப்படுங்கள்.

பிறகு மெல்லக் கையை நீட்டுங்கள். அடைக்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும், கையைக் கொத்தும். கண் பளிச்சென்று இருக்கும். நோய்க்கோழி பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, இறக்கை தொங்க, வாலைத் தாழ்த்தி, நீங்கள் தூக்கினாலும் ஏனென்று கேட்காது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் கோழியைத் தூக்கி வாசலில் விடுங்கள். அடைக்கோழி சற்றுநேரம் தரையோடு பதிந்து கிடக்கும். பிறகு சட்டென்று எழுந்து, 'கொறுகொறு' என்று முறைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கும், அவசர அவசரமாகத் தீனி பொறுக்கும், புழுதியில் ஒரு குளியல் போடும், அடைக்கே திரும்பும். நடுவே ஒருமுறை பெரிய உருண்டையாக, தாங்க முடியாத நாற்றத்தோடு எச்சமிடும். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததை ஒரே தடவையில் போடுவதால் அப்படி வருகிறது. அதைக் கழிச்சல் என்று பயப்பட வேண்டாம். அடிவயிற்றைப் புரட்டிப் பார்த்தால் இறகு உதிர்ந்து வெறும் தோல் சூடாகத் தெரியும். நோய்க்கோழியோ விட்ட இடத்திலேயே நிற்கும். அதன் எச்சம் தண்ணீராகவும் அடிக்கடியும் வரும், பின்பக்க இறகில் ஒட்டிக்கிடக்கும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கால் இறக்கை இழுத்துக்கொள்வது, கழுத்து திருகுவது, பச்சை வெள்ளைக் கழிச்சல் ஆகியவை வெள்ளைக்கழிச்சல் என்ற ராணிகேட் நோயின் அடையாளங்கள். இமயமலைப் பகுதியின் ராணிகேட் ஊரில் 1920களின் கடைசியில் இந்நோய் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது. மற்ற நாடுகளில் நியூகாசில் நோய் என்பார்கள். ரத்தமாகக் கழிந்தால் அது வேறு நோய், பெரும்பாலும் குஞ்சுகளுக்கு வருவது. முட்டை வழியிலேயே அடைத்துக்கொண்டால் பெட்டை உடம்பை நிமிர்த்தி நின்று முக்கும். இந்த முட்டை அடைப்பைத்தான் அடை என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் தாமதித்தாலும் கோழி போய்விடலாம்.

அடைக்கோழியே நோயாளியாகவும் ஆகலாம். நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்காருவதால் செள்ளும் பேனும் கூடையில் பெருகிக் கோழியை வாட்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அடை வைத்தால் சூட்டிலேயே செத்துப்போகும். நிழலில் வையுங்கள், எட்டும் தூரத்தில் தண்ணீரும் தானியமும் இருக்கட்டும். ஒரு நாள் முழுக்க இறங்காத அடைக்கோழியை நீங்களே தூக்கி இறக்கிவிடுங்கள். குஞ்சு வேண்டாம், அடையைக் கலைக்க வேண்டும் என்றால் மூக்கில் இறகைச் செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் வேண்டாம். அது வதை. அடியில் காற்று போகும் கம்பிக்கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து, மூன்று நான்கு நாள் விட்டால் அடிவயிற்றுச் சூடு தணிந்து அடை கலையும்.

நோய் என்று தெரிந்துவிட்டால் முதல் வேலை, அதைத் தனியே பிரித்துக் கட்டுவது. தீனியும் தண்ணீரும் நல்ல கோழிகளுக்கு முதலில், நோய்க்கோழிக்குக் கடைசியில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ராணிகேட் கிருமி மனிதரின் கண்ணையும் சிவக்க வைக்கும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் பொடித்து ஊட்டும் பழக்கம் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய், ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. சீட்டில்லாமல் அதை விற்பதும் சட்டத்துக்குப் புறம்பு. கோழிக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டு வந்த கோலிஸ்டினை, மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தாக வேண்டியிருப்பதால், கறிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று இந்திய அரசு 2019இல் தடை செய்தது.

இனி உரிமையும் கடமையும். அரசு கால்நடை மருந்தகத்தில் ஒற்றைக் கோழியைத் தூக்கிக்கொண்டு போகக் கூச்சப்பட வேண்டியதில்லை. மாட்டுக்கு உள்ள உரிமை கோழிக்கும் உண்டு. தூக்கிப்போக முடியாத நிலையென்றால் நடமாடும் கால்நடை மருத்துவச் சேவையின் 1962 எண்ணுக்கு அழைக்கலாம். கோழி செத்துவிட்டால் பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோய்க் காரணம் கண்டறியச் சொல்லுங்கள். நீங்களே அறுத்துப் பார்க்க வேண்டாம்.

2009ஆம் ஆண்டின் விலங்குகள் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பட்டியலில் ராணிகேட்டும் இருக்கிறது, பறவைக் காய்ச்சலும் இருக்கிறது. பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டியது வளர்ப்பவரின் கடமை. நோய் தெரிந்தே சந்தைக்குக் கொண்டுபோவதும், செத்ததை ஆற்றிலோ ஏரியிலோ வீசுவதும் தண்டனைக்குரியவை. "செத்துப்போறதுக்குள்ள வித்திரலாம்" என்று நல்லம்பள்ளிச் சந்தைக்குத் தூக்கிப் போகிற கோழி, வாங்கியவர் வீட்டுக் கூடையையும் காலிசெய்கிறது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே முறை. சந்தையில் வாங்கிய கோழியையும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்குக் கோழியும் முட்டையும் ஏற்றிய லாரிகள் நம் கணவாய் வழியாகத்தான் போகின்றன. ஓரம் கட்டி நிற்கும் வண்டியிலிருந்து விழுந்த இறகையும் பழைய முட்டை அட்டையையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

இழப்பீடு பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. பறவைக் காய்ச்சலுக்காக அரசு உத்தரவிட்டு அழிக்கும் கோழிகளுக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே செத்துப்போனவற்றுக்குக் கிடையாது. கொண்டை நீலம் பாரித்து, முகம் வீங்கி, ஒரே நாளில் பல கோழிகள் விழுந்தால் மறைக்காமல் உடனே சொல்வதில் உங்கள் காசும் அடங்கியிருக்கிறது. அந்தக் கோழிகளை அறுத்துச் சமைக்கவே கூடாது.

வெள்ளைக்கழிச்சலுக்கு வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசி உண்டு. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, கட்டணம் இல்லை. உங்கள் குக்கிராமத்துக்கு அது வருவதில்லை என்றால் ஜனவரி 26 கிராமசபையில் எழுந்து கேளுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். முகாமுக்குச் சில நாள் முன்பு கேட்பதால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் அசையவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. வளர்ப்பு முறைகளைக் கற்றுக்கொள்ள தருமபுரி குண்டல்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்தையும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

ஏழாம் நாள் சொட்டு மருந்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான குஞ்சுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருப்பவர் அதற்காகக் குப்பி உடைக்கச் சொல்லத் தயங்குவார். ஆகவே ஒரு தெருவில் பத்து வீட்டுப் பெண்கள் பேசிவைத்துக்கொண்டு, அடைக்கு வந்த கோழிகளை ஒரே வாரத்தில் அடை வைக்கலாம். முன்னதாக வந்த கோழியை இரண்டு நாள் கூமுட்டையிலோ கல்முட்டையிலோ உட்கார்த்தி வைத்துவிட்டு, மற்றதும் தயாரானபின் நல்ல முட்டைகளை மாற்றிக்கொள்ளலாம். இருபத்தொரு நாளில் எல்லா வீட்டுக் குஞ்சுகளும் ஏறக்குறைய ஒன்றாக இறங்கும். அதற்கு ஏழாம் நாள் எந்தத் தேதி என்று இப்போதே எண்ணி, மருந்தகத்தில் சொல்லி வைத்துவிடுங்கள்.