வீட்டுல ஜாம் செஞ்சு விக்கப் போறீங்களா? பதிவுக்கு ரூ.100 தான்... சிக்கல் லேபிள்லதான்!

கொடைக்கானல் பிளம்ஸ், பெரியகுளம் மாம்பழம்னு சீசன்ல வாங்கி வீட்டுலயே ஜாம் காய்ச்சுறவங்க நிறைய பேர். அக்கம்பக்கத்துல ருசி பிடிச்சுப் போனா, அடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல விற்பனை தொடங்கிடும். இதுக்கு லைசென்ஸ் வேணுமா?

காசு வாங்கி விற்றால், வீட்டு அடுப்படியா இருந்தாலும் உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-ன்படி அது உணவு வணிகம்தான். ஆனா 2011-ம் ஆண்டு விதிமுறைப்படி, ஆண்டு விற்பனை குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும் சிறு தயாரிப்பாளருக்கு பெரிய உரிமம் தேவையில்லை, 'பதிவு' போதும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் ஃபாஸ்காஸ் இணையதளத்துல போட்டோ, அடையாள அட்டையோட நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு ரூ.100 கட்டணம். ஏஜென்ட்டுக்கு ஆயிரக்கணக்குல கொடுக்க அவசியமே இல்லை. 7 நாளுக்குள் பதிவு தரணும், நிராகரிக்கணும், இல்லன்னா ஆய்வுக்கு நோட்டீஸ் தரணும். இதுல எதுவுமே நடக்கலைன்னா, தொழிலைத் தொடங்கலாம்னு அதே விதிமுறை சொல்லுது.

அடுத்து, பாட்டிலுக்குள்ள இருக்குறது. 'ஜாம்'னு பேர் வச்சா குறைந்தது 45% பழம் இருக்கணும் (ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரிக்கு 25%). கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 65%-க்குக் குறையக் கூடாது. காரணம் இனிப்பு மட்டும் இல்லை. அவ்வளவு சர்க்கரை இருந்தாதான் பழத்துல உள்ள தண்ணீரைப் பிடிச்சு வச்சு, பூஞ்சை வளர விடாம தடுக்கும். 'ஆரோக்கியமா இருக்கட்டும்'னு சர்க்கரையைப் பாதியாக் குறைச்சா, விதிப்படி அது ஜாம் இல்லை. சீக்கிரம் கெட்டும் போகும். கண் அளவை நம்பாம, ரிஃப்ராக்டோமீட்டர்னு ஒரு சின்னக் கருவி இருக்கு, ஒரு சொட்டு வச்சா அளவு தெரிஞ்சிடும்.

பலர் கோட்டை விடுறது லேபிள்ல. பொருளின் பெயர், அளவு வரிசைப்படி சேர்மானங்கள், நிகர எடை, தயாரிப்பு தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண், எம்.ஆர்.பி., உங்க பெயர், முகவரி, பச்சை சைவக் குறி, 14 இலக்க பதிவு எண் எல்லாம் வேணும். தமிழ்ல மட்டும் அச்சடிச்சா போதாது! விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கணும், தமிழைக் கூடுதலாச் சேர்த்துக்கலாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே விக்கிற பாட்டிலுக்கும் இதே விதி என்பது கொஞ்சம் உறுத்தலாத்தான் இருக்கு. ஆனா தவறான லேபிளுக்கு அபராதம் ரூ.3 லட்சம் வரை போகலாம் என்பதால், மொத்தமா அச்சடிக்கும் முன்னாடி ஒரு மாதிரியை எடுத்துட்டுப் போய் உங்க பகுதி உணவு பாதுகாப்பு அலுவலரிடம் காட்டிக் கேட்டுக்கிறது நல்லது.